அடுப்புக்கு வேலி

என் ஆசைத் தங்கச்சி பாவாயிக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. உனக்கு எழுத்துத் தெரியாது, எனக்கு நேரம் கிடையாது. அடிவாரத்துக்கு இறங்குகிற யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், மறுநாள் மலையேறுகிற யாராவது உன் பதிலைக் கொண்டுவருவார்கள். இப்போது உன் பக்கம் போய்த் திரும்பி வருகிற ஆள் யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன். ஊரார் படித்தாலும் படிக்கட்டும், ஒளிக்க ஒன்றுமில்லை.

உன் மகள் தங்காயி நன்றாக இருக்கிறாள். பல் முளைத்திருக்கிறது, கடிக்கிறாள். கோபம் வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு முகம் சிவப்பாள். அது உன் குணம். நடுவில் கொஞ்ச காலம் அவள் என்னிடம் இல்லை. அங்கம்மா அண்ணி வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அது எப்படி நடந்தது என்று உன்னிடம் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் சரிவராது.

உனக்கு நினைவு இருக்குமோ என்னவோ, பிள்ளை பிறந்த அதே வாரத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ பார்க்காதது. உன் வீட்டுக்காரன் முத்து லாரியில் கிளீனராக ஊர் ஊராகப் போகிறவன், பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? அவனுடைய அக்கா அங்கம்மா அண்ணிக்கு அப்போது மடியில் ஒன்று, இடுப்பில் ஒன்று. யார் வளர்ப்பது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். பிள்ளை பெறாதவள், புருஷன் போய்ச் சேர்ந்தவள், மலைமேல் தனியாக மிளகு வாங்கி விற்கிறவள். இவளிடமா என்று முணுமுணுத்தார்கள். அங்கம்மா அண்ணி மட்டும் முணுமுணுக்கவில்லை. நேராகவே சொன்னாள்.

“தவழ்ற வரைக்கும் உன்றகிட்ட இருக்கட்டும் நல்லம்மா. எந்திரிச்சு நிக்க ஆரம்பிச்சதும் நான் மேல வந்து பாப்பேன். நீ இருக்கறது ஊடா, குடோனான்னே எனக்குத் தெரியல. சரிப்படலீன்னா தூக்கிட்டு வந்துருவேன். அப்புறம் என்னைய ஏசப்படாது.”

“வந்து பாருங்க அண்ணி,” என்றேன். பேரம் பேசுகிற தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

நீ இந்த வீட்டைப் பார்த்ததில்லை. பிள்ளை பெற்று எழுந்ததும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாய். வாசலூர்பட்டியில் சடையண்ணன் என்கிற மலைக்காரர் ஒருவருக்குச் சொந்தமான வீடு. அவர் சாமையும் மிளகும் போடுகிறவர், பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறார். மண் சுவர், புல் வேய்ந்த கூரை, ஒரே கூடம். நடுவில் ஒரு மரத்தூண். மூலையில் தரையோடு தரையாக அடுப்பு. மேலே பரண், அதற்கு ஒரு ஏணி. அந்தக் கூடத்திலேயே என் சரக்கு, என் தராசு, என் பாய் எல்லாம்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானே வைத்துக்கொண்டது அது. மலைக்குள்ளே இருக்கிற பைல் நாட்டிலிருந்து மிளகுக் கூடையோடு வருகிறவர்கள் பனி விலகுவதற்கு முன்பே கதவைத் தட்டுவார்கள். யார் உடனே கதவைத் திறந்து நின்ற இடத்திலேயே எடை போடுகிறார்களோ அவர்களிடம்தான் சரக்கு இறங்கும். சந்தைவரை சுமக்க யாருக்கு ஆசை? நான் தலையில் உப்பு சுமந்து மேலே வந்து, மிளகு சுமந்து கீழே இறங்கிய நாளிலேயே இதைக் கவனித்து வைத்திருந்தேன். அந்தக் கதவு என் கையில் இருந்ததால்தான் அடிவாரத்து வியாபாரிகள் எனக்குப் பின்னால் நின்றார்கள்.

தங்காயி தூளியில் கிடந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. எடை போடும்போது இடுப்பில் வைத்துத் துணியால் கட்டிக்கொள்வேன். சடையண்ணன் வீட்டுப் பால். மிளகு கொண்டுவருகிறவர்கள் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் பேரம் பேசுவார்கள். பிறகு தவழ்ந்தாள். அப்புறம் ஒருநாள் சாக்கைப் பிடித்து எழுந்து நின்று, அதிசயம் எதையோ கண்டவள் மாதிரி என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் மூடின கைக்குள் ஓர் ஆமணக்குக் கொட்டை, வாய்க்குள் இன்னொன்று.

விரலை விட்டு எடுத்துவிட்டேன். தோல் உடையவில்லை. உடைந்திருந்தால்? உள்ளே இருப்பது விஷம். அந்தக் கொட்டை எவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் அதுவரை பார்த்ததே இல்லை பாவாயி. பளபளவென்று, புள்ளி புள்ளியாக, பிள்ளை வாய்க்கு அளவாக. இத்தனை வருஷம் சாக்குச் சாக்காக வாங்கி விற்றிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் வீட்டைப் பிள்ளைக்குத் தக்கபடி மாற்ற ஆரம்பித்தேன். அங்கம்மா அண்ணி வருவதற்குள் முடித்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்தது சரக்கை எலியிடமிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பாற்றுவது. அதையே செய்தேன். தரையில் இருந்ததையெல்லாம் மேலே ஏற்றினேன். ஆமணக்கு முழுவதையும் பரணுக்கு அனுப்பினேன். பகலில் ஏணியைத் தூக்கி வெளியே சாய்த்துவிடுவேன். கதவிடுக்கில் விரல் நசுங்காமல் இருக்கச் சாக்கைச் சுருட்டி வைத்துத் தைத்தேன். எலி மருந்தைக் குழி தோண்டிப் புதைத்தேன். மருந்து போனதும் எலி பெருகியது, அதற்கு ஒரு பூனை பிடித்து வந்தேன். தங்காயி வாலைப் பிடித்து இழுக்கிற இழுப்பைத் தாங்காமல் பூனை சடையண்ணன் வீட்டுக்குக் குடி போய்விட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. வாசலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

சுவரில் நாலு முளை அடித்தால் மிச்சமுள்ளதை மாட்டிவிடலாம் என்று சடையண்ணனிடம் கேட்டேன். வாடகை வீடு, கேட்காமல் செய்யக் கூடாது.

“வேண்டாமுங்க அம்மிணி,” என்றார். “போன மழைக்கு முந்தித்தான் பூசுனது. முளை அடிச்சா மண்ணு பொலபொலன்னு கொட்டிப்போகும். அது எங்க பாட்டன் வெச்ச செவுருங்க.”

“கொழந்தைக்காவத்தானுங்க கேக்கறேன்.”

“கொழந்தைக்குன்னா வேற எது வேணும்னாலும் கேளுங்க. செவுத்துல மட்டும் கை வெக்காதீங்க.”

“அப்ப அடுப்பச் சுத்தி மூங்கத் தட்டி கட்டிக்கட்டுமா?”

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான். “அவரைக்கு வேலி போட்டிருக்கறனுங்க. ஆட்டுக்குப் போட்டிருக்கறேன். அடுப்புக்கு வேலி இன்னிக்குத்தான் கேள்விப்படறேன். அடுப்பு எங்கீங்க ஓடிப்போகுது?”

“அடுப்பு ஓடாதுங்க. இவ ஓடுவா.”

இங்கே குளிருக்கு அடுப்பில் எந்நேரமும் கங்கு கிடக்கும், சாம்பல் மூடியிருப்பதால் நெருப்பு என்று தெரியாது. அதனால்தான் கேட்டேன். சிரித்தவரே மூங்கில் வெட்டிக்கொண்டு வந்து இடுப்புயரத் தட்டி பின்னி, அதன்மேல் நெருப்புப் பிடிக்காமல் களிமண்ணும் பூசிக் கொடுத்தார். பிறகு வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், “எங்க ஊட்டு அடுப்பு வெளிய மேயப் போகாதுங்க, பட்டி போட்டாச்சு,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முளை அடிக்க வழி இல்லாததால் தராசுத் தட்டுகள், எடைக்கற்கள், சாக்குத் தைக்கிற கோணூசி, கத்தி எல்லாவற்றையும் கூடைகளில் போட்டு, கயிற்றை விட்டத்தின்மேல் எறிந்து உயரே தூக்கினேன். கயிற்றின் மறுமுனையை நடுத்தூணில் கட்டினேன். வேண்டும்போது அவிழ்த்துக் கூடையை இறக்கலாம், வேலை முடிந்ததும் ஏற்றலாம். நிமிர்ந்து பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. தரை துடைத்துவிட்டது போல இருந்தது. தலைக்குமேல் சந்தை தொங்கியது.

அங்கம்மா அண்ணி வந்தாள். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து விடியலில் புறப்பட்டு, மூச்சு வாங்க ஏறி வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். உச்சந்தலையை மோந்து பார்த்தாள்.

“புள்ள மேல மிளகு வாசம் அடிக்குது.”

“சளி புடிக்காதுங்க அண்ணி.”

“வாய் மட்டும் உனக்குக் கொறையறதில்ல.”

பிறகு வீட்டைப் பார்த்தாள். நான் சரக்கு வாங்கும்போது கூடை அடியில் கைவிட்டுக் கல் இருக்கிறதா என்று பார்ப்பேனே, அப்படிப் பார்த்தாள். அடுப்பு வேலியைக் காலால் உதைத்துப் பார்த்தாள், அசையவில்லை. கதவைச் சாத்தித் திறந்தாள். பாய்க்கு அடியில் தடவினாள். தண்ணீர்ப் பானை எங்கே என்றாள், மேடைமேல் மூடியோடு இருப்பதைக் காட்டினேன். ஏணி எங்கே என்றாள், வெளியே என்றேன். குறை சொல்ல எதுவும் கிடைக்காததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

“பரவால்ல,” என்று பாயில் உட்கார்ந்தாள். “நாலு பெத்தவ ஊட்ல கூட இப்படி இருக்காது. எங்க ஊட்ல அருவாமணை இன்னும் தரையிலதான் கெடக்குது.”

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சுக்குக் காப்பி போட அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

தங்காயி அண்ணி மடியிலிருந்து இறங்கித் தூண் வரை தவழ்ந்து போனாள். தூணைப் பிடித்து எழுந்து நின்றாள். நான் கட்டியிருந்த முடிச்சு என் இடுப்புயரத்தில் இருந்தது. அதன் வால் கீழே, அவள் முகத்துக்கு நேரே தொங்கியது. பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். அவ்வளவுதான்.

இரும்புத் தட்டும் எடைக்கல்லும் இருந்த கூடை விட்டத்திலிருந்து தரைக்கு வந்தது. அண்ணியின் பாய் ஓரத்தில் விழுந்தது. தரையில் பள்ளம். ஒரு வீசைக் கல் உருண்டுபோய் அவள் கால் பெருவிரலில் இடித்து நின்றது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அண்ணிக்கும் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்பு அவள் தங்காயியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடம் அது. சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு எங்களைப் பார்த்தாள். அழவில்லை. அடுத்த கயிற்றின் வாலைத் தேடிக் கையை நீட்டினாள்.

நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

பாவாயி, அது சந்தைக்காரி முடிச்சு. சாக்கைக் கட்டும்போது நாங்கள் எல்லோரும் போடுகிற சுருக்கு. எத்தனை மூட்டை ஏற்றினாலும் அவிழாது. வாலைப் பிடித்து இழுத்தால் மட்டும் ஒரே இழுப்பில் திறந்துகொள்ளும். வாங்க வருகிறவன், “எங்க, காட்டு,” என்று கேட்கும்போது நகத்தால் நோண்டிக்கொண்டு நின்றால் அடுத்த சாக்குக்குப் போய்விடுவான். அதனால் என் கைக்கு வேறு முடிச்சுத் தெரியாது. யோசிக்காமலே கட்டியிருக்கிறேன். தூணில் இருந்த அத்தனை கயிற்றிலும் அதே முடிச்சு, அத்தனை வாலும் பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில்.

அண்ணி கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“நீ வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும்,” என்றாள். “கயித்த மாத்திக் கட்டுவ. அதுவும் தெரியும். அப்புறம் வேற ஒண்ணு உழுகும். இது வியாபாரம் நடக்கற எடம் நல்லம்மா. நீ அதத் தூக்கி மேல வெச்சுட்டு, ஊடுன்னு எனக்குக் காட்டற. தராச வெளிய போடு, புள்ள இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா தராச வெச்சுக்க, புள்ளையக் குடு. எது, சொல்லு.”



இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை என் தோளில் இருக்கிறாள், அவள் மூச்சு என் கழுத்தில் படுகிறது, நான் நின்ற இடத்தில் கணக்குப் போட்டேன். தராசை வெளியே வைத்தால் விடியற்காலைக் கதவு போய்விடும். கதவு போனால் பைல் நாட்டுச் சரக்கில் பாதி வேறு கைக்குப் போகும். அடிவாரத்து வியாபாரி ஒருவன் இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருக்கிறான். மழைக்காலத்தில் வெளியே எங்கே எடை போடுவது? இவ்வளவும் என் மனசில் ஓடியது. நான் யோசிப்பது என் முகத்தில் தெரியாது என்று சந்தையில் எனக்குப் பேர். அங்கம்மா அண்ணிக்குத் தெரிந்துவிட்டது.

“போடு கணக்க,” என்றாள். “அவசரமில்ல. போட்டு முடிச்சதும் வா.”

பிள்ளையை என் தோளிலிருந்து வாங்கி, என் போர்வையிலேயே சுற்றிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. ஊர் எல்லைவரை கூடப் போனேன். பால் எவ்வளவு சூட்டில் கொடுக்க வேண்டும், எந்தப் பக்கம் போட்டால் தூங்குவாள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அண்ணி நின்று திரும்பி, “எனக்கும் ரெண்டொண்ணு தெரியும்,” என்றாள். அதோடு நின்றுவிட்டேன். அவர்கள் காப்பித் தோட்ட வளைவு தாண்டியதும் திரும்பி வந்து, தரையில் விழுந்த பள்ளத்துக்கு மண் குழைத்துப் பூசினேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் விடியலில் கதவைத் தட்டினார்கள். எழுந்து திறந்து எடை போட்டேன். நல்ல மிளகு, கையில் அள்ளினால் கனம் தெரிந்தது. கூடையை இறக்கினவர் சுற்றுமுற்றும் பார்த்து, “ஏனுங்க, கண்ணு எங்கீங்க?” என்றார். அடிவாரம் போயிருக்கிறாள் என்றேன். அவர் மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். பிறகு தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவளும் கேட்டாள். அதற்கடுத்து வந்தவனும் கேட்டான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இத்தனை வியாபாரம் யாருக்கு என்றெல்லாம் நான் அழுது தீர்மானம் எடுக்கவில்லை. வியாபாரம் எனக்குத்தான். எனக்கு அது பிடிக்கும். பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் கதவைத் திறக்கும்போது எனக்குப் பின்னால் பாயில் ஓர் ஆள் புரண்டு படுப்பது பழகிப்போயிருந்தது. அது இல்லாமல் கதவைத் திறக்கப் பிடிக்கவில்லை. கணக்கு அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை.

சடையண்ணனிடம் போனேன். பாதையோரமாக அவருக்கு ஒரு பழைய மாட்டுக்கொட்டகை உண்டு.

“அங்கிருந்து எடை போட்டா ஆள் வருவாங்களா சடையண்ணா?”

“வெயில் வந்தப்புறம் வருவாங்க. இருட்டோட வாரவங்க வரமாட்டாங்க. மாட்டு வாசத்துக்குப் பாதிப் பேர் மூக்கப் புடிப்பாங்க,” என்றார். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். “இருந்தாலும் நான் கூரை மேஞ்சு தாரேன்.”

தூணில் இருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். அவ்வளவு சுலபமாக அவிழ்ந்தது என்பதுதான் அப்போதும் உறுத்தியது. தராசு, கற்கள், சாக்குகள், பரணில் இருந்த ஆமணக்கு, எல்லாம் கொட்டகைக்குப் போயின. விடிவதற்கு முன் இனி கதவு திறக்காது, சூரியன் ஏறிய பிறகு கொட்டகைக்கு வாருங்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினேன். சிலர் சரி என்றார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் போய், அடுத்த வாரம் அந்த அடிவாரத்து வியாபாரியிடம் இறக்கினார்கள். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தாலும் அந்தக் கூடைகள் என் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்க்க நன்றாகவா இருக்கும்?

வீடு காலியானதும் சடையண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“எல்லாம் சரிதானுங்க. புள்ள எதைப் புடிச்சு நிக்கும்?”

நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

“இத்தன நாளு சாக்கப் புடிச்சு நின்னுது. இப்ப மொட்டையா வெச்சிருக்கறீங்க. புடிக்க ஒண்ணும் இல்லீன்னா எப்படீங்க நடக்கும்?”

சொன்னவர் போய்க் கடப்பாரை எடுத்து வந்தார். தரையில் ஆங்காங்கே குழி தோண்டிக் கவைக் குச்சி நட்டு, அதன்மேல் ஒரு வழவழப்பான மூங்கிலைப் படுக்க வைத்துக் கட்டினார். பிள்ளை மார்பளவு உயரம். அவர் பிள்ளைகளெல்லாம் அப்படி ஒன்றைப் பிடித்துத்தான் நடை பழகினார்களாம். கட்டின முடிச்சை நான் குனிந்து பார்த்தேன். அவர் கவனித்துவிட்டார்.

“இது ஆட்டுக்காரன் முடிச்சுங்க. வெட்டித்தான் எடுக்கோணும்.”

அதற்குப் பிறகுதான் இறங்கிப் போனேன். அங்கம்மா அண்ணி வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். தங்காயி அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அண்ணியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கோபமா, மறந்துவிட்டாளா? இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உனக்குத் தெரியுமோ?

“கணக்குப் போட்டாச்சா?” என்றாள் அண்ணி.

“போட்டாச்சுங்க அண்ணி. தராசு கொட்டாயிக்குப் போயிருச்சு.”

“நீ சொன்னா நம்பறதுக்கு நான் என்ன சந்தைக்குப் புதுசா வந்தவளா? ராத்திரி தங்கு. காலைல நானும் வாரேன்.”

முத்து அன்று வீட்டில் இருந்தான். இளைத்திருக்கிறான். “அக்கா என்ன சொல்லுதோ அதுதான்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தான். உன்னைப் பற்றி நாங்கள் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசியிருக்கலாம்.

காலையில் நானும் அண்ணியும் பிள்ளையோடு மலையேறினோம். பிள்ளையை மாற்றி மாற்றிச் சுமந்தோம். பாதிவழியில் என் தோளுக்கு வந்தபோது தங்காயி என் காதைப் பிடித்துத் திருகினாள். அது அவளுடைய பழைய வழக்கம். அண்ணி பார்க்காதது போல முன்னால் நடந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் அண்ணி நிமிர்ந்து விட்டத்தைத்தான் முதலில் பார்த்தாள். ஒன்றும் தொங்கவில்லை. பிள்ளையை மூங்கில் ஓரத்தில் நிறுத்தினாள். தங்காயி அதைப் பிடித்தாள். ஒரு கை, மறு கை, ஒரு கால், மறு கால் என்று பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து மறுமுனைவரை போனாள். முனையில் நின்றாள். அதற்குமேல் பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அண்ணி. இருவரும் உட்கார்ந்து கையை நீட்டினோம். யாரிடம் வருவாள் என்று நான் பார்த்தேன், அண்ணியும் அதைத்தான் பார்த்தாள்.

மூங்கிலை விட்டாள். எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. தள்ளாடித் தள்ளாடிக் கதவைப் பார்த்து நடந்தாள்.

நான் எழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து அமர்த்தினாள். “உடு. எங்க போறான்னு பாப்போம்.”

வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றால் சறுக்கி, அந்தப் பக்கம் இறங்கி எழுந்து நின்றாள். வெயில் கண்ணில் பட்டதும் சுருக்கிக்கொண்டாள். கோழி ஒன்று ஓடியது. அதன் பின்னாலேயே நாலு எட்டு வைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்போது நாங்கள் இருவரும் எப்படி வெளியே வந்தோம் என்று தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம்.

“இனி ஊட்டுக்குள்ள பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல நல்லம்மா,” என்றாள் அண்ணி. “இனிமே எல்லாம் வெளியிலதான்.”

வெயில் தாழ்வதற்கு முன் தனியாக இறங்கிப் போனாள். போகும்போது பிள்ளை கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, “சாமி, பெரீம்மாள ரொம்பப் படுத்தாத. கொஞ்சமாப் படுத்து,” என்றாள். இத்தனை நாள் வைத்திருந்தவள். அவளுக்கும் அந்த இறக்கம் லேசாக இருந்திருக்காது. அடிக்கடி வருவாள். சொல்லிக்கொண்டு வரமாட்டாள் என்றும் சொல்லியிருக்கிறாள். வரட்டும்.

இங்கே ரோடு வேலை நடக்கிறது. பாறைக்கு வெடி வைக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் தங்காயி கையைத் தட்டுகிறாள். வேலை முடிந்தால் லாரி இந்த ஊர் வாசலுக்கே வருமாம். சரக்கு ஏற்ற வசதி, எனக்கு நல்லதுதான். ஆனால் சேதி கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது லாபம் அல்ல. வாசலுக்கும் பாதைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எட்டு வைத்து அளந்தேன். சடையண்ணன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்குள் இருந்ததை எடுத்து வேறு இடத்தில் வைக்க என்னால் முடிந்தது. வெளியே இருக்கிற பாறையையும் ஓடையையும் நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அவள் போகிற இடத்துக்கு நானும் போக வேண்டியதுதான். கையைப் பிடித்து இழுக்கமாட்டேன் பாவாயி, பின்னாலேயே வருவேன். அவளுக்குப் புத்தி தெரிந்து, அம்மா எங்கே என்று கேட்கிற நாள் வரும். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அன்றைக்கு உட்கார வைத்துச் சொல்வேன். தராசா பிள்ளையா என்று கேட்டபோது அவள் பெரியம்மா கணக்குப் போட்டுக்கொண்டு நின்றாள் என்பதையும் நானே சொல்வேன். வேறு யாரோ சொல்லி அவள் கேட்கும்படி விடமாட்டேன்.

என்றும் உனக்கு மூத்தவள்,
தங்காயியின் பெரியம்மா,
நல்லம்மா